ஸ்டீராய்டு ஊசி போட்டும் விடியிற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? உள்ள போயி அது என்னதான் பண்ணுது?

பாம்பன்_வாடை:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா நாட்டுப்படகுல போறவரு, வயசு 58, ரொம்ப வருசமா இளைப்பு இருக்கு. வாடைக்காத்து எடுத்தா போதும், படுக்க முடியாது, உக்காந்துக்கிட்டே விடிய வைப்பாரு. போன வாரம் ரொம்ப முடியாம போயி ராத்திரி 1 மணிக்கு ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம். நெபுலைசர் வச்ச 10, 15 நிமிசத்துல வாயத் திறந்து பேசுனாரு. கையில ஒரு ஊசியும் போட்டாங்க, ஸ்டீராய்டாம். "இது வேலை செய்ய விடிஞ்சுரும், அதுவரைக்கும் இங்கயே இருங்க"ன்னு டூட்டி டாக்டர் சொன்னாரு. பெஞ்சுல உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன். மூக்குல வச்ச புகை 10 நிமிசத்துல கேக்குது, நரம்புல நேரா ஏத்துன மருந்துக்கு எதுக்கு 5 மணி நேரம்? இம்புட்டு நேரம் அது எங்க சுத்துது?

இன்னொண்ணும் இருக்கு. அப்பா எங்ககிட்ட சொல்லாம 6, 7 மாசமா மெடிக்கல்ல செட் மாத்திரை வாங்கிப் போட்டுருக்காரு. பேப்பர்ல மடிச்சுக் குடுப்பாங்கல்ல, பேரு கிடையாது, அட்டை கிடையாது, 4 மாத்திரை. டாக்டர் அதைப் பிரிச்சுப் பாத்துட்டு அந்த சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டா இருக்கும்னு சொல்லி, ஆனா இப்ப ஒரேயடியா நிறுத்தக்கூடாது, எழுதித் தர்ற கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்னாரு. அம்மா அதெல்லாம் வேணாம், நாளையில இருந்து எல்லாத்தையும் தூக்கிப் போடுங்கிறாங்க. தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

உச்சிப்புளி_நர்ஸ்:
தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். டாக்டர் குறைக்கச் சொன்ன கணக்கை விட்டு ஒரு மாத்திரை கூட மாத்தாதீங்க, அம்மாகிட்ட உக்காந்து பேசுங்க.

நெபுலைசர்ல வச்சது சால்ப்யூட்டமால் மாதிரி மருந்து. அதுக்கான ரிசப்டர், அதாவது மருந்தைப் பிடிச்சுக்குற புரோட்டீன், செல்லோட வெளித்தோல்லயே இருக்கு. மருந்து வந்து வாசல்ல மணி அடிச்சா உள்ள ஏற்கனவே இருக்க ஆளுங்களே எந்திரிச்சு வேலை பாப்பாங்க, மூச்சுக்குழாயைச் சுத்தி இருக்க தசை தளந்துரும். அதான் நிமிசக் கணக்கு. ஸ்டீராய்டு அப்படி வாசல்ல நிக்காது, செல்லுக்குள்ள புகுந்து, ஜீன் எல்லாம் இருக்க நியூக்ளியஸ் வரைக்கும் போயி எந்த ஜீனை ஓட்டணும் எதை அடக்கணும்னு மாத்திவிடும். அந்த ஜீன் ஓடி, நகல் எடுத்து, அதுல இருந்து புரோட்டீன் செஞ்சு வர்றதுக்குத்தான் நேரம். வார்டுல நாங்க 4 மணி நேரத்துக்கு முன்னாடி பலன் எதிர்பாக்கவே மாட்டோம். அதுக்காக ஊசியை லேட்டா போடலாம்னு இல்ல, லேட்டா வேலை செய்யும்ங்கிறதாலதான் வந்த உடனே போடுறது.

கடலோரம்72:
நர்ஸம்மா சொல்றதையே பாருங்க, ஜீனை மாத்திவிடுமாம். இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். என் தங்கச்சிக்கு மூட்டுவலிக்குன்னு இதே மாதிரி பேரில்லாத மாத்திரை ஒரு வருசம் குடுத்தாங்க. வலி நின்னுச்சு, மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்குச்சு, சுகர் வந்துச்சு, இப்ப எலும்பும் தேஞ்சு போச்சு. ஜீன்ல கை வைக்கிற மருந்து நாளைக்கு பேரன் பேத்தி வரைக்கும் போகாதா? தம்பி, உங்க அம்மா சொல்றதுதான் சரி.

தேவிபட்டினம்_ஆய்வாளன்:
72 அண்ணே, தங்கச்சிக்கு நடந்தது கொடுமைதான், அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா பேரன் பேத்திங்கிற பயத்தை மட்டும் விட்டுருங்க. ஸ்டீராய்டு ஜீனோட ஒரு எழுத்தைக் கூட மாத்துறது இல்ல. எழுத்து அப்படியே இருக்கும், எந்தப் பக்கத்தை சத்தமா படிக்கிறது எதை மூடி வைக்கிறதுங்கிறது மட்டும்தான் மாறும். நான் சென்னையில இந்த ரிசப்டர் வேலையிலதான் பிஹெச்டி பண்றேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

ஸ்டீராய்டு கொலஸ்ட்ரால் குடும்பம், கொழுப்புல கரையுறது. செல்லோட தோலும் கொழுப்புதான், அதனால தடை இல்லாம உள்ள போயிரும். உள்ள குளுக்கோகார்ட்டிகாய்டு ரிசப்டர்னு ஒரு புரோட்டீன் இருக்கு. மருந்து வராத வரைக்கும் ஹெச்எஸ்பி90ன்னு ஒரு துணைப் புரோட்டீன் அதைத் தாங்கிப் பிடிச்சு வச்சிருக்கும், சும்மா அலைய விடாது. மருந்து வந்து ரிசப்டரோட குழிக்குள்ள இறங்குனதும் ரிசப்டரோட உருவமே மாறி, நியூக்ளியஸ் சுவத்துல இருக்க துவாரம் வழியா உள்ள போயிரும். இதுக்கே அரை மணி நேரம் வரைக்கும் ஆகலாம்.

நியூக்ளியஸ்ங்கிறது ஒரு மில்லிமீட்டரை நூறா வெட்டுனா அதுல ஒரு துண்டை விட சின்னது. அதுக்குள்ள கிட்டத்தட்ட 2 மீட்டர் டிஎன்ஏ. எப்படி அடங்குதுன்னா, ஹிஸ்டோன்னு 8 புரோட்டீன் சேந்த ஒரு உருளை, அதைச் சுத்தி 147 எழுத்து ஜோடி நீளத்துக்கு டிஎன்ஏ சுத்தியிருக்கும், அப்புறம் அடுத்த உருளை, அப்புறம் அடுத்தது, இப்படியே போகும். ரிசப்டர் ரெண்டு ரெண்டா ஜோடி சேந்துக்கும். ஒவ்வொண்ணுலயும் துத்தநாக அணுவைக் கவ்விக்கிட்டு மடிஞ்ச விரல் மாதிரி பாகம் இருக்கு, அந்த விரலாலதான் டிஎன்ஏ பள்ளத்துல எழுத்தைத் தடவிப் பாக்கும். டிஎன்ஏ எழுத்து ஏ, சி, ஜி, டின்னு நாலுதான், அதுல அது தேடுறது ஏஜிஏஏசிஏ, நடுவுல எதுவா இருந்தாலும் பரவாயில்ல 3 எழுத்து, அப்புறம் டிஜிடிடிசிடி, மொத்தம் 15. ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கும், ஏன்னா படிக்கிறதும் நேருக்கு நேரா சேந்த ஜோடி.

அங்க உக்காந்த பிறகு தனியா ஒண்ணும் கிழிக்க முடியாது. கூட்டாளிப் புரோட்டீன்களைக் கூப்பிடும். அதுங்க ஹிஸ்டோன் மேல அசிட்டைல்னு ஒரு சின்ன ஒட்டு ஒட்டும், ஹிஸ்டோனோட பாசிட்டிவ் சார்ஜ் குறையும், நெகட்டிவ் சார்ஜ் இருக்க டிஎன்ஏ மேல பிடி தளரும், இடம் திறந்துக்கும். அப்புறம்தான் ஜீனை நகல் எடுக்குற எந்திரம் வந்து உக்காந்து எம்ஆர்என்ஏங்கிற நகலை எழுத ஆரம்பிக்கும், அது வெளிய போயி புரோட்டீன் ஆகணும், அந்தப் புரோட்டீன் போதுமான அளவு சேரணும். தம்பி, பெஞ்சுல உக்காந்து நீங்க காத்திருந்தது இதுக்குத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. இளைப்புல மூச்சுக்குழாய் வீங்கிக் கிடக்கே, அந்த வீக்கத்துக்கான ஜீன்களை என்எஃப் கப்பா பின்னு ஒரு புரோட்டீன் ஓட்டிக்கிட்டு இருக்கும். நம்ம ரிசப்டர் போயி அதோட வேலையைக் கெடுக்கும், ஒட்டுன அசிட்டைலை உரிச்சு எடுக்குற ஆளுங்களைக் கூட்டி வரும். வீக்கம் வத்துறது அப்படித்தான். அதுபோக, நர்ஸக்கா சொன்ன அந்த வாசல் மணி ரிசப்டர் இருக்கே, அதைச் செய்யிற ஜீனையும் ஸ்டீராய்டு தூண்டிவிடும். அதனால அடுத்து நெபுலைசர் வைக்கும்போது அதுவும் நல்லா கேக்கும்.

தொண்டி_டீச்சர்:
அருமையா சொன்னீங்க தம்பி. நான் பிளஸ் டூ பசங்களுக்கு இதைப் பூட்டு சாவின்னும், சுவிட்சுன்னும்தான் சொல்லிக் குடுக்குறேன். போட்டா லைட்டு எரியும், எடுத்தா அணையும். சரிதானே?

தேவிபட்டினம்_ஆய்வாளன்:
டீச்சர், குழிக்குள்ள மருந்து இறங்குறதுக்கு பூட்டு சாவி சரி. சுவிட்சுங்கிறதுதான் கொஞ்சம் இடிக்குது. 2000ல அமெரிக்காவுல மெக்நேலி, ஹேகர்னு ரெண்டு பேரு குழு, பச்சையா ஒளிர்ற புரோட்டீனை இந்த ரிசப்டரோட கோத்துவிட்டு உயிருள்ள செல்லுல பாத்தாங்க. போயி டிஎன்ஏல உக்காந்தா மணிக்கணக்குல அங்கயே இருக்கும்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தது. பாத்தா சில விநாடிதான். உக்காருது, எந்திரிச்சுப் போகுது, வேற ஒண்ணு வருது, அதுவும் போகுது. மருந்து இருக்க வரைக்கும் இந்த வரத்து போக்கு நடந்துக்கிட்டே இருக்கும்.

கீழக்கரை_சங்கு:
ஆய்வாளன் காக்கா (எங்க ஊர்ல அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்றது எங்க ஊர்ல சங்கு குளிக்கிறவங்க மாதிரியே இருக்கு. உள்ள போனா யாரும் அங்கயே குடியிருக்க மாட்டாங்க, மூச்சு இருக்க வரைக்கும் தடவிட்டு மேல வந்துருவாங்க, அடுத்த ஆள் இறங்குவாரு. ஒரு முக்குல எத்தனை எடுத்தாருன்னு யாரும் கேக்குறது இல்ல, சாயங்காலம் படகுல எத்தனை சங்கு கிடக்குங்கிறதுதான் கணக்கு.

தேவிபட்டினம்_ஆய்வாளன்:
அதேதான் காக்கா. நான் இதை அடுத்த தடவை செமினார்ல சொல்லப்போறேன்.

மண்டபம்_நண்டு:
நான் படிச்சது டிப்ளமோதான், இறால் குஞ்சு பொரிக்கிற ஹேட்சரியில 9 வருசம் வேலை, இப்ப சொந்தமா நண்டு வாங்கிக் குடுக்குறேன். 72 அண்ணன் கேட்டதுக்கு என் கையில தினமும் ஒரு பதில் இருக்கு, அதனால எழுதுறேன்.

நண்டு ஓடு கழட்டுறது தெரியும்ல. வலையில சில நாள் வரும், கையில எடுத்தா மெத்து மெத்துன்னு இருக்கும், அமுக்குனா குழி விழும், கம்பெனிக்காரங்க அதைத் தனியா ஒதுக்கிருவாங்க. ஓடு கழட்ட வைக்கிறது எக்டைசோன்னு ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன். மனுசனுக்கு மட்டும்தான் ஸ்டீராய்டுன்னு நினைக்காதீங்க, இறாலுக்கும் நண்டுக்கும் பூச்சிக்கும் உண்டு. கண் தண்டுக்குள்ள இருந்து வர்ற இன்னொரு ஹார்மோன் அதை அடக்கி வச்சிருக்கும். ஹேட்சரியில தாய் இறாலுக்கு ஒரு கண் தண்டை எடுக்குறது சினை சீக்கிரம் புடிக்கத்தான், ஆனா அதோட இந்த அடக்குறதும் குறையும், அதனால ஓடு கழட்டுற இடைவெளியும் சுருங்கிரும்.

நான் சொல்ல வந்தது வேற. பெரிய கொடுக்கு இருக்கே, அதோட மூட்டு எவ்வளவு ஒடுக்கமா இருக்கும்னு நண்டு உடைச்சுச் சாப்பிட்ட எல்லாருக்கும் தெரியும். அம்புட்டு சதையும் அந்த ஒடுக்கத்து வழியா எப்படி வெளிய வரும்? ஓடு கழட்டுறதுக்கு முன்னாடியே கொடுக்குல இருக்க சதை கரைஞ்சு சுருங்கிரும், அப்பதான் உருவ முடியும். அதே நேரம் தோல்ல அதே எக்டைசோன் புது ஓடு நெய்ய வைக்குது. மார்புப் பக்கத்து சதை கொடுக்கு மாதிரி கரையுறது இல்ல. ஒரே ரத்தத்துல ஒரே ஹார்மோன்தான் ஓடுது, ஒரு இடத்துல கட்டுது, ஒரு இடத்துல கரைக்குது, ஒரு இடத்துல சும்மா விடுது. ட்ரெய்னிங்ல இதைக் கேட்ட அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல.

நம்ம பக்கம் கடலுக்குப் போக டோக்கன் வாங்குறோம்ல, எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. டோக்கன் எல்லா படகுக்கும் ஒண்ணுதான், போகலாம்னு மட்டும்தான் சொல்லுது. இறால் மடி, அதாவது இறால் வலை, ஏத்துனவன் இறாலோட வருவான், மீன் மடி ஏத்துனவன் மீனோட வருவான். ஹார்மோன் டோக்கன் மாதிரி, மடி செல்லுக்குள்ள இருக்கு.

தொண்டி_டீச்சர்:
மண்டபம் தம்பி, நீங்க எழுதுனதை அப்படியே கிளாஸ்ல படிச்சுக் காட்டுனேன். எங்க ஊரணியில மழைக்கு அப்புறம் தலப்பிரட்டை நெறஞ்சு கிடக்கும்ல, அதுலயும் இதே கதைதான். தைராய்டு ஹார்மோன் வந்ததும் வால் கரையும், கால் முளைக்கும். 1912லயே குடெர்நாட்ச்னு ஒருத்தரு குதிரையோட தைராய்டை தலப்பிரட்டைக்குத் தின்னக் குடுத்து, சீக்கிரமே தவளையாகுறதைப் பாத்தாரு. ஹார்மோன் ஒண்ணு, வாலுக்கு ஒரு உத்தரவு காலுக்கு ஒரு உத்தரவு.

எனக்கே தைராய்டு இருக்கு. மாத்திரை மாத்துனா 6 வாரம் கழிச்சுத்தான் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க, அதுவும் இதே காரணமா?

தேவிபட்டினம்_ஆய்வாளன்:
பாதி இதே காரணம் டீச்சர், பாதி அந்த மருந்து ரத்தத்துல பாதியா குறையவே ஒரு வாரம் எடுக்கும்ங்கிறதால. தைராய்டு ரிசப்டர் இன்னும் வித்தியாசமானது. அது ஹார்மோனுக்காக வெளிய காத்துக்கிட்டு இருக்காது, ஹார்மோன் இல்லாதப்பவும் டிஎன்ஏ மேலயேதான் உக்காந்திருக்கும். சும்மாவும் இல்ல, அடக்குற புரோட்டீன்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அந்த ஜீனை அமுக்கிக்கிட்டே இருக்கும். ஹார்மோன் வந்து குழிக்குள்ள இறங்குனதும் அந்த அடக்குற கூட்டம் கழண்டு தூண்டுற கூட்டம் வந்து சேரும். அதனால ஹார்மோன் குறைஞ்சா வேலை நடக்காம மட்டும் போறது இல்ல, பிடிச்சு அமுக்குறதும் சேந்துக்கும். இப்படி டிஎன்ஏல உக்காந்து ஜீனை ஓட்டுற ரிசப்டர் எல்லாம் ஒரே குடும்பம், மனுசனுக்கு அதுல மொத்தம் 48. வைட்டமின் டிக்கு ஒண்ணு, வைட்டமின் ஏல இருந்து வர்ற அமிலத்துக்கு, ஈஸ்ட்ரோஜனுக்குன்னு போகுது.

மண்டபம் அண்ணே, நீங்க சொன்ன எக்டைசோன்தான் ஹார்மோன் ஜீனைத் தொடுதுன்னு முதல்ல கண்ணுக்குக் காட்டுனதே. 1960ல கிளெவர், கார்ல்சன் ரெண்டு பேரும் ஒரு கொசு மாதிரி ஈயோட புழுவுக்கு எக்டைசோன் ஊசி போட்டாங்க. அதோட எச்சில் சுரப்பியில குரோமோசோம் ரொம்பப் பெருசா இருக்கும், மைக்ராஸ்கோப்லயே தெரியும். ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல குறிப்பிட்ட இடத்துல மட்டும் குரோமோசோம் உப்பி வந்துச்சு, அந்த இடத்து ஜீன் ஓட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்.

கீழக்கரை_சங்கு:
ஈஸ்ட்ரோஜன்னு சொன்னதால கேக்குறேன். எங்க உம்மாவுக்கு மார்புல கட்டி எடுத்து, ரிப்போர்ட்ல ஈஆர் பாசிட்டிவ்னு போட்டிருக்கு. டமாக்சிஃபென் 5 வருசம் சாப்பிடணும்ங்கிறாங்க. பாசிட்டிவ்னா கெட்டதுன்னு வீட்டுல எல்லாரும் பயந்து போயிருக்கோம். அது ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும்னா எலும்பும் தேஞ்சுராதா?

உச்சிப்புளி_நர்ஸ்:
பயப்படாதீங்க தம்பி. பாசிட்டிவ்னா அந்தக் கட்டி செல்லுல ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் இருக்குன்னு அர்த்தம், மாத்திரைக்குப் பிடி கிடைக்கும்னு அர்த்தம். ரிசப்டர் இல்லாத கட்டிக்குத்தான் இந்த மாத்திரை உதவாது. ஒண்ணு மட்டும், உம்மாவுக்கு மாதவிலக்கு நின்ன பிறகு திரும்ப ரத்தம் பட்டா, கொஞ்சமா இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க, வெக்கப்பட்டு மறைக்க வேணாம்னு சொல்லுங்க.

தேவிபட்டினம்_ஆய்வாளன்:
காக்கா, உம்மா நல்லாகட்டும். இந்த ரிசப்டரை 1958ல சிகாகோவுல கண்டுபிடிச்சது எல்வுட் ஜென்சன். ஈஸ்ட்ரோஜன்ல கதிர்வீச்சு ஹைட்ரஜனைக் கோத்து எலிக்குக் குடுத்துப் பாத்தா, கருப்பை மாதிரி சில இடத்துல மட்டும் தங்குது, அதுவும் உருமாறாம குடுத்தபடியே இருக்கு. அப்ப அதைப் பிடிச்சு வைக்க அங்க ஏதோ இருக்குன்னு புரிஞ்சுது. அதுல ஆரம்பிச்சதுதான் உங்க ரிப்போர்ட்ல இருக்க அந்த வரி.

எலும்பு கேட்டீங்க. ஈஸ்ட்ரோஜன் குழிக்குள்ள இறங்குனதும் ரிசப்டரோட வால் பக்கத்துத் துண்டு ஒண்ணு மூடி மாதிரி மேல படியும். அது படிஞ்சாதான் கூட்டாளிப் புரோட்டீன் வந்து பிடிக்கிற இடம் உருவாகும். டமாக்சிஃபென்னும் அதே குழியிலதான் இறங்குது, ஆனா அதுக்கு நீளமா ஒரு கை வெளிய துருத்திக்கிட்டு இருக்கும், மூடியைப் படிய விடாது. மார்பு செல்லுல அதோட கதை முடிஞ்சுது, அடக்குற கூட்டம் வந்து சேரும். எலும்புல, கருப்பையில கூட்டாளிப் புரோட்டீனோட கலவையே வேற, அதனால அங்க அதே மாத்திரை ஓரளவு ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துக்கும். மாதவிலக்கு நின்னவங்களுக்கு எலும்பைத் தேய விடாம காக்கும், மாதவிலக்கு நிக்காதவங்களுக்கு எலும்பு கொஞ்சம் குறையலாம், டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. நர்ஸக்கா ரத்தம் பட்டா காட்டுங்கன்னு சொன்னதும் இதே காரணம்தான், கருப்பையில அது தூண்டுது. மண்டபம் அண்ணன் சொன்ன மடிக்கணக்குதான்.

கடலோரம்72:
சரி தம்பி, எழுத்து மாறலைன்னு ஒத்துக்கிறேன். ஆனா இம்புட்டு தெரிஞ்சவங்க, வீக்கத்தை மட்டும் வத்த வச்சு சுகரையும் எலும்பையும் தொடாத ஸ்டீராய்டு ஒண்ணு செய்யக்கூடாதா? என் தங்கச்சி மாதிரி எத்தனை பேரு.

தேவிபட்டினம்_ஆய்வாளன்:
அண்ணே, இந்தத் துறையில ரொம்ப வருசமா எல்லாரும் முட்டி மோதுற கேள்வி இது. ஈரல்ல அதே ரிசப்டர் சர்க்கரை உண்டாக்குற ஜீனைத் தூண்டுது, அதான் சுகர் ஏறுது. வீக்கத்தை வத்த வைக்கிறது அடக்குற வேலை, சுகர் ஏத்துறது தூண்டுற வேலை, அடக்குறதை மட்டும் செய்யிற மருந்து செஞ்சா போதும்னு நினைச்சாங்க. அது அவ்வளவு சுத்தமா பிரியல. வீக்கத்தைக் கட்டுப்படுத்துற சில புரோட்டீனையே ஸ்டீராய்டு தூண்டித்தான் செய்ய வைக்குது, அதை விட்டா நல்லதும் குறையுது. அதனால இப்போதைக்கு நடைமுறையில பெரிய தீர்வு எதுன்னா மருந்தை வேண்டிய இடத்துக்கு மட்டும் அனுப்புறது. இளைப்புக்காரங்களுக்கு தினமும் உறிஞ்சுற ஸ்டீராய்டு இன்ஹேலர் அதுக்குத்தான், அளவு மைக்ரோகிராம்ல, போறது நேரா மூச்சுக்குழாய்க்கு. நம்ம பக்கம் இன்ஹேலர்னாலே பெரிய வியாதி, ஒருக்கா புடிச்சா விட முடியாதுன்னு பயந்துக்கிட்டு, பேரில்லாத மாத்திரையை வாங்கி முழு உடம்புக்கும் குடுத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு இதை நினைச்சா மனசு ஆறவே மாட்டேங்குது.

உச்சிப்புளி_நர்ஸ்:
அதே தான் நானும் வார்டுல தினம் கத்துறேன். பாம்பன் தம்பி, உங்க அம்மா கேள்விக்கும் பதில் சொல்லிடுறேன். மூளையிலயும் இதே ரிசப்டர் இருக்கு. வெளிய இருந்து மாசக்கணக்குல ஸ்டீராய்டு வந்துக்கிட்டே இருந்தா அங்க இருக்க ரிசப்டர் "போதுமான அளவு இருக்கு"ன்னு படிச்சு, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்குற அட்ரினல் சுரப்பியை வேலை வாங்குற ஹார்மோனோட ஜீனை அடக்கிரும். அட்ரினல் வேலை இல்லாம சுருங்கிப் போயிரும். அந்த நேரம் மாத்திரையை டக்குன்னு நிறுத்தினா வெளியவும் வராது, உடம்பும் செய்யாது. பிரசர் இறங்கி, வாந்தி எடுத்து, மயங்கி உயிருக்கே ஆபத்தாகிரும், நான் கண்ணால பாத்திருக்கேன். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா சுரப்பி மெல்ல எந்திரிக்கும், சிலருக்கு மாசக்கணக்குல கூட ஆகும். காலையில சாப்பிட்ட பிறகு குடுங்க, உடம்பு தானா சுரக்குறதும் விடியக்காலையிலதான் உச்சத்துல இருக்கும். சுகர் ஒருக்கா பாத்துருங்க.

பாம்பன்_வாடை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 2 நாளா பதில் போட முடியல, அப்பா கூடவே இருந்தேன். மண்டபம் அண்ணன் எழுதுனதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன், நண்டு கொடுக்குன்னதும் அடுப்படியில இருந்து எந்திரிச்சு வந்து உக்காந்து கேட்டாங்க. அவங்க 20 வருசமா நண்டு உடைக்கிறவங்க, "ஆமா, சில நண்டுல கொடுக்குக்குள்ள சதையே இருக்காது, தண்ணியாத்தான் இருக்கும், நாங்க காஞ்ச நண்டுன்னு தூக்கிப் போடுவோம்"னாங்க. நர்ஸக்கா எழுதுனதையும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. இப்ப காலண்டர்ல எந்தத் தேதி வரைக்கும் எத்தனை மாத்திரைன்னு அவங்களே கோடு போட்டு வச்சிருக்காங்க. சுகர் சாப்பாட்டுக்கு முன்னாடி 148 இருந்துச்சு, திங்கக்கிழமை திரும்ப எடுக்கச் சொல்லியிருக்காங்க. இன்ஹேலர் எழுதிக் குடுத்துருக்காங்க, அப்பா இழுக்குற முறை சரியில்ல, பாதி வாய்லயே நிக்குது. நர்ஸக்கா, அதுக்கு மாட்டுற பிளாஸ்டிக் குடுவை ஒண்ணு இருக்காமே, அது ராம்நாடு போனாத்தான் கிடைக்குமா?

உச்சிப்புளி_நர்ஸ்:
ஸ்பேசர்னு கேளுங்க தம்பி, பெரிய மெடிக்கல்ல கிடைக்கும். இழுத்த பிறகு 10 வரைக்கும் எண்ணி மூச்சை அடக்கச் சொல்லுங்க, அப்புறம் வாய் கொப்புளிச்சுத் துப்பணும், இல்லாட்டி நாக்குல வெள்ளையா படியும். முடிஞ்சா ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாங்க, நானே காட்டித் தர்றேன்.